தகரப் பெட்டியைத் தானம் செய்யாதீர்கள்

கணினியைப் பற்றிப் பேசுவோர் அதன் வேகத்தைப் பற்றிப் பேசுவர். நினைவகத்தின் அளவைப் பற்றிப் பேசுவர். திரையின் அகலத்தைப் பற்றிப் பேசுவர். அவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் தகரப் பெட்டியை, நம்மூர்க் கடைக்காரர்கள் 'கேசிங்' என்று அழைக்கும் அந்தக் கூட்டை, எவரும் பொருட்படுத்துவதில்லை. விலைச்சிட்டையில் அது கடைசி வரி. ஆயினும் நமது தீவகத்தில் ஒரு கணினி மூன்று ஆண்டில் மடியுமா, பத்து ஆண்டு உழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி வரியே என்பது எனது துணிபு. அதனை இப்போது எழுத வேண்டிய தேவையும் வந்திருக்கிறது.

2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, ஏறத்தாழ 2017க்கு முற்பட்ட செயலிகளை முறைப்படி ஏற்றுக்கொள்வதில்லை. இதனால் வெளிநாடுகளிலுள்ள அலுவலகங்களுக்குப் பழுதில்லாத மேசைக் கணினிகள் கூட வேண்டாப் பொருளாகிவிட்டன. அவற்றைக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ பெற்று ஊருக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் புலம்பெயர்ந்த உறவுகளிடையே எழுவது இயல்பே. அந்த எண்ணத்தின் தூய்மையில் எனக்கு ஐயமில்லை. லினக்ஸை நிறுவினால் அவ்வியந்திரங்கள் இன்னும் பல ஆண்டுகள் வேலை செய்யும் என்பதும் உண்மை. ஆனால், அனுப்புவது முழங்கால் உயர டவர் பெட்டிகள் என்றால், தயவுசெய்து சற்று நில்லுங்கள். அப்பெட்டி எங்கே போகிறது, எவர் அதைத் தூக்குவார், பழுதானால் எவ்வழியாகத் திரும்பி வரும் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எனது ஊர் இறுப்பிட்டி. புங்குடுதீவின் கிராமங்களில் ஒன்று. புங்குடுதீவையும் வேலணையையும் கடல்வழிப் பாதை இணைப்பதால் யாழ்ப்பாண நகருக்கு எங்களால் பஸ்ஸில் போய்வர முடிகிறது. எங்கள் தீவின் மேற்குப் பக்கத்தில் குறிகட்டுவான் இறங்குதுறை இருக்கிறது. அங்கிருந்துதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கும் கடல்வழியன்றி வேறு வழியில்லை. இத்தீவுகளில் ஒரு பாடசாலைக் கணினியின் பவர் சப்ளை எரிந்து போனால், அதைத் திருத்தும் கடை யாழ்ப்பாண நகரில் இருக்கிறது. படகில் ஏற்ற வேண்டும்; துறையில் இறக்க வேண்டும்; பஸ்ஸில் ஏற்ற வேண்டும்; பஸ் நிலையத்திலிருந்து கடைவரை சுமக்க வேண்டும். திருத்தி முடிந்ததும் அதே வழியில் திரும்ப வேண்டும்.

இதைச் செய்பவர் யார்? ஒரு தகவல் தொழில்நுட்ப ஆசிரியை. ஒரு கையில் தோட்பை, மறுகையில் குடை. கச்சான் காற்றுக் காலத்தில் துறையில் ஆடிக்கொண்டிருக்கும் படகுக்குள் அவர் கால்வைக்க வேண்டும். ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ள, பிடிப்பதற்கு ஒரு கைப்பிடி கூட இல்லாத, நான்கு பக்கமும் வழுக்கும் இரும்புப் பெட்டியை அவர் எப்படிக் கொண்டுபோவார்? கொண்டுபோக மாட்டார். அதுதான் நடக்கிறது. பெட்டிக்கு ஒரு துணியுறை தைத்துப் போட்டு, மூலையில் வைத்துவிடுகிறார்கள். தீவகத்துப் பாடசாலை ஒன்றில் அவ்வாறு உறையிட்ட ஐந்து கணினிகளை ஒரே வரிசையில் நான் கண்டேன். உறைகள் துவைத்துச் சுத்தமாக இருந்தன. ஒன்றுக்கு வன்தட்டு, இரண்டுக்குப் பவர் சப்ளை, மற்ற இரண்டுக்கும் என்ன குறையென்றே எவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துக் கடையில் அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்குக் குறுக்கே நின்றது பெட்டியின் பருமன்.

"ஆளைக் கூப்பிட்டுத் திருத்தலாமே?" என்று கேட்கலாம். கூப்பிடலாம். படகு நேரம் பார்த்து ஒருவர் வந்து, பெட்டியைத் திறந்து, தேவையான உதிரிப்பாகம் கையில் இல்லையென்று கண்டு, மீண்டும் ஒரு நாள் வர வேண்டும். அவருக்கு இரண்டு நாள் கூலி கொடுக்க எந்தப் பாடசாலையிடம் பணம் இருக்கிறது?

இனி, அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். வழமையான டவர் பெட்டி ஒன்றின் உயரம் 45 சென்ரிமீற்றர், ஆழம் 45, அகலம் 21 என்று கொள்ளுங்கள். கொள்ளளவு 42 லீற்றருக்கு மேல். அதில் பெரும்பகுதி வெறும் காற்று. நாம் கப்பலேற்றி, படகேற்றி, சுமை கூலி கொடுத்து அனுப்புவது காற்றைத்தான்.

இப்பருமனுக்கு ஒரு வரலாறு உண்டு. மேசைக் கணினிகளின் மதர்போட், பவர் சப்ளை ஆகியவற்றின் அளவுகளை வரையறுக்கும் ஏ.ரி.எக்ஸ். நியமத்தை இன்ரெல் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. அதன்படி மதர்போட் 30.5 சென்ரிமீற்றர் நீளமும் 24.4 அகலமும் கொண்டது. அக்காலத்தில் ஒலிக்கு ஓர் அட்டை, மோடத்துக்கு ஓர் அட்டை, திரைக்கு ஓர் அட்டை என்று வரிசையாகச் செருக வேண்டியிருந்தது. குறுந்தட்டு இயக்கிக்கும் பிளொப்பிக்கும் அடுக்குகள் தேவைப்பட்டன. இன்று அவற்றில் பெரும்பாலானவை மதர்போட்டிலேயே அடங்கிவிட்டன. மற்றவை வழக்கொழிந்து போயின. வன்தட்டோ சுயிங்கம் துண்டளவுக்குச் சுருங்கி மதர்போட்டின் மேலேயே படுத்துவிட்டது. 1997இல் 24.4 சென்ரிமீற்றர் சதுரத்தில் மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். வந்தது. 2001இல் தைவானின் வியா நிறுவனம் 17 சென்ரிமீற்றர் சதுரத்தில் மினி ஐ.ரி.எக்ஸ். என்ற அளவை அறிமுகப்படுத்தியது. பரப்பளவில் இது ஏ.ரி.எக்ஸ். பலகையின் ஐந்தில் இரண்டு பங்கு மட்டுமே. உள்ளே இருப்பவை இவ்வாறு சுருங்கிய பின்னரும் நாம் பழைய வீட்டிலேயே அவற்றைக் குடிவைத்திருக்கிறோம்.

கணினியைத் தூக்கிச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் புதியதுமன்று. 1981இல் வெளிவந்த ஒஸ்போர்ண் 1 ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையும் 5 அங்குலத் திரையும் கொண்டது. 1982 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கொம்பாக் போட்டபிள் அதைவிடவும் பாரமானது. இரண்டும் கைப்பிடியுள்ள தையல் இயந்திரப் பெட்டியைப் போன்ற தோற்றம் உடையவை. தூக்கிச் செல்லும்போது தோள் வலிக்கும். ஆனாலும் தூக்கிச் செல்லலாம், கைப்பிடி இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே விளங்கியிருந்த இந்தச் சிறு உண்மை, இன்று தீவுக்கு அனுப்பப்படும் பெட்டிகளில் ஏன் இல்லாமற் போனது?

எனது பரிந்துரை எளிமையானது. ஊருக்கு அனுப்பும் மேசைக் கணினியை அனுப்புமுன் சிறிய பெட்டிக்கு மாற்றுங்கள். ஏற்கனவே ஊரில் உறையிட்டுக் கிடப்பவற்றையும் அவ்வாறே மாற்ற உதவுங்கள்.

எனது பழைய கணினி ஒன்றை யாழ்ப்பாணத்தில் அவ்வாறு மாற்றியெடுத்தேன். அதன் மதர்போட் மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். அளவுடையது. புதிதாக வாங்கியவை ஒரு சிறிய கேசிங்கும் அதற்கேற்ற எஸ்.எப்.எக்ஸ். வகைப் பவர் சப்ளையும் மட்டுமே. மிகுதி அனைத்தும் பழையவை. கடைக்காரப் பையன் ஒற்றைத் திருப்புளியோடு இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடித்தான். இன்று அதனை ஒரு துணிப்பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறுப்பிட்டிக்குப் பஸ்ஸில் போகிறேன். போகுமிடத்தில் ஒரு திரையும் விசைப்பலகையும் இருந்தால் போதும். திரைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியே உதவும்.

மாற்ற விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலில் மதர்போட்டை அளந்து பாருங்கள். 24.4 சென்ரிமீற்றர் சதுரமாயின் பொதுக் கேசிங்கில் பொருந்தும். பெருநிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று செய்த கணினிகளில் பலவற்றின் மதர்போட்டும் மின்செருகிகளும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. அவற்றை வேறு பெட்டிக்குள் வைக்க இயலாது, பாடுபடவும் வேண்டாம். அடுத்து, செயலியின் மேலுள்ள குளிர்விப்பானின் உயரத்தை அளவுங்கள். பெரிய பெட்டிகளில் 15 சென்ரிமீற்றர் வரை உயர்ந்து நிற்கும் குளிர்விப்பான் சிறிய பெட்டியின் மூடிக்கு இடிக்கும். தட்டையானது ஒன்று வாங்க வேண்டும். 125 வோட் வெப்பம் கக்கும் செயலிகளைச் சிறு பெட்டிக்குள் அடைக்காதீர்கள். பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் 65 வோட் செயலி தாராளம். காற்று புகும் துளைகளுக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசிவலை இருக்கட்டும். பெட்டி வர்ணம் பூசிய இரும்பா, அலுமினியமா என்பதையும் பாருங்கள். உப்புக் காற்று வெட்டு விளிம்புகளிலிருந்துதான் இரும்பைத் தின்னத் தொடங்கும்.

மின்சாரத்தையும் மறந்துவிட வேண்டாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்தொகுப்போடு இணையாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே காலம் தள்ளியவை. காற்று, சூரிய ஒளி, மின்கலம் ஆகியவற்றைச் சேர்த்து இம்மூன்று தீவுகளுக்கும் மின்சாரம் வழங்க, 11 மில்லியன் டொலர் இந்திய மானியத்தில் 2024 மார்ச் மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அத்தகைய இடங்களில் ஒவ்வொரு வோட்டும் கணக்குப் பார்க்க வேண்டியது. சிறிய மதர்போட்களில் சில, மடிக்கணினியின் அடப்ரரைப் போன்ற 19 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட ஒரு தலைமுறைக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"அண்ணை, இந்தக் காலத்திலை ஆர் மேசைக் கணினி பாவிக்கினம்? லப்டொப் வாங்கிக் குடுத்தால் போச்சு" என்றார் ரொறன்ரோவிலிருந்து பேசிய ஒரு தம்பி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மடிக்கணினியின் மின்கலம் சில ஆண்டுகளில் சோர்ந்துவிடும். அதே மாதிரிக்கு உரிய மின்கலமே வேண்டும். விசைப்பலகையில் ஓர் எழுத்து போனால் பல மாதிரிகளில் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். திரை உடைந்தால் கதை முடிந்தது. மெல்லியதாகச் செய்யும் ஆசையில் நினைவகத்தை மதர்போட்டிலேயே ஒட்டிவிடும் மாதிரிகள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. மேசைக் கணினியிலோ விசைப்பலகை பழுதானால் வேறொரு விசைப்பலகை. திரை பழுதானால் வேறொரு திரை. எந்த நிறுவனத்துடையதாயினும் பொருந்தும். நாற்பது மாணவர் மாறி மாறித் தட்டும் ஓர் இயந்திரத்துக்கு இதைவிடப் பெரிய நன்மை என்ன வேண்டும்? ஒருவர் மட்டும் பேணிப் பயன்படுத்தும் பொருளாயின் மடிக்கணினி வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. பலர் கைபடும் பொதுப்பொருளுக்கு அது ஆகாது.

"கைத்தொலைபேசியே போதும்" என்போருக்குச் சொல்ல அதிகமில்லை. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் பயிலும் பிள்ளை நிரல் எழுத வேண்டும்; தரவுத்தளம் அமைக்க வேண்டும். கட்டைவிரல் இரண்டினால் அதைச் செய்யச் சொல்பவர் தம் பிள்ளைக்கும் அதையே சொல்வாரா?

மூன்றாவது வாதம் சற்று வலுவானது. "சிறிய கணினிகள் கடையில் ஆயத்தமாகவே கிடைக்கின்றனவே, பெட்டி மாற்றும் வேலை எதற்கு?" என்பது அது. கிடைக்கின்றன. அப்பிள் நிறுவனத்தின் மக் மினி 2005இலேயே வந்துவிட்டது. ஆனால் சிறியது என்பதும் திருத்தக்கூடியது என்பதும் ஒன்றல்ல. இன்ரெல் நிறுவனம் என்.யு.சி. என்ற பெயரில் கையடக்கக் கணினிகளை ஒரு பத்தாண்டு விற்றது. 2023 ஜூலையில் அந்த வணிகத்திலிருந்து விலகி, தைவானின் அசூஸ் நிறுவனத்திடம் அதைக் கையளித்தது. ஒரு நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் மதர்போட் அமைந்துவிட்டால், அந்நிறுவனம் முகத்தைத் திருப்பும் நாளில் பெட்டியும் குப்பையாகும். திருத்தக்கூடிய கணினிகளைச் செய்வதையே தன் கொடியாகப் பிடித்த பிரேம்வேர்க் நிறுவனம் 2025இல் அறிவித்த சிறிய மேசைக் கணினியில், பலகை மினி ஐ.ரி.எக்ஸ். அளவே ஆயினும் நினைவகம் அதனோடு ஒட்டப்பட்டிருந்தது. தொழில்நுட்பக் காரணம் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு அந்தக் காரணத்தால் பயனில்லை. ஆகவே நான் கேட்பது வெறும் சிறுமையை அன்று. பொது அளவில் அமைந்த பாகங்களைக் கொண்ட, திருப்புளியால் திறக்கக்கூடிய சிறிய பெட்டியைக் கேட்கிறேன். பத்து லீற்றரோ பதினைந்து லீற்றரோ இருக்கட்டும். ஒரு லீற்றராகச் சுருக்கும் போட்டி நமக்குரியதன்று.

"எல்லாம் சரி, தகவல்தானே முக்கியம்? வன்தட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் போதாதா?" என்றும் ஒருவர் கேட்டார். பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இதற்கு நான் விடை சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் நமது பத்திரிகைகள், மலர்கள், கோயில் சிறப்பிதழ்கள் பலவும் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் கோக்கப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். பாமினி யுனிகோட் முறையன்று. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் தமிழ்ப் பந்திகள் அனைத்தும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகச் சிதறித் தோன்றும். எனவே வன்தட்டு மட்டும் வந்தால் போதாது. அதைப் படிக்கத் தெரிந்த பழைய மென்பொருளும், அந்த மென்பொருளை ஏற்கும் பழைய இயந்திரமும் உயிரோடு இருக்க வேண்டும். ஊர் வாசிகசாலையிலும் அச்சகத்திலும் தூங்கும் அத்தகைய கணினிகள் பழையவை என்று எறியப்படுமுன், அவற்றின் மதர்போட்டை ஒரு சிறு பெட்டிக்குள் மாற்றி, கோப்புகளை யுனிகோட்டுக்குப் பெயர்த்தெடுக்கும் இடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேகரித்து வரும் நூலகம் திட்டம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத பெட்டிக்குள் இருக்கும் ஊர் வரலாறு, இல்லாத வரலாறுதான்.

நாம் தூக்கிச் செல்ல முடியாதவற்றை இழந்த இனம். 1991இல் புங்குடுதீவிலிருந்து இடம்பெயர்ந்தபோது என் சின்னம்மா கைவிட்டவை பல. அலுமாரி, கட்டில், நெல்லுப் பெட்டகம் எல்லாம் கைவிடப்பட்டன. அவர் விடாமல் கொண்டுவந்தது, மரமூடியும் கைப்பிடியும் கொண்ட கைத்தையல் இயந்திரம். யாழ்ப்பாணத்தில் நான்கு ஆண்டுகள் அதனால் குடும்பம் சாப்பிட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும் அது சைக்கிள் கரியரில் இருந்தது. அந்த இயந்திரத்தைச் செய்தவர்களுக்கு எங்கள் இடப்பெயர்வு தெரியாது. ஆனால் தொழிற்கருவி என்பது தொழிலாளியோடு நடக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. போர் முடிந்துவிட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்களாயின், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது வீட்டுக்குள் வெள்ளம் ஏறியவர்களிடம் கேளுங்கள். எதைக் கையில் எடுத்தோம், எதை விட்டுவந்தோம் என்ற கணக்கு இந்நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

ஆகவே ஊர்ச் சங்கங்களின் நிருவாகிகளே, பழைய மாணவர் சங்கத்தவர்களே, உங்களிடம் மூன்று கேள்விகள். நீங்கள் அனுப்பும் கணினியை ஓர் ஆசிரியை தனியாகத் தூக்கிக்கொண்டு குறிகட்டுவானில் படகேற முடியுமா? சாதாரணத் திருப்புளியால் அதைத் திறக்க முடியுமா? அதில் பழுதாகும் எந்தப் பாகத்துக்கும் யாழ்ப்பாண நகரக் கடையில் மாற்றுப் பாகம் பொருந்துமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அனுப்புங்கள். ஊர் உங்களை வாழ்த்தும். ஒன்றுக்கேனும் இல்லை என்றால், இருபது கணினிகளுக்குச் சேர்த்த பணத்தில் பத்தை மட்டும் சிறு பெட்டிகளில் அனுப்புங்கள். மிகுதிப் பணத்தில் ஊரில் உறையிட்டுக் கிடக்கும் பழைய பத்தைப் பெட்டி மாற்றித் திருத்திக் கொடுங்கள். கையளிப்பு விழாப் படத்தில் பெரிய பெட்டிகள்தாம் எடுப்பாகத் தெரியும் என்பதை நான் அறிவேன். படம் எடுத்தவர் அடுத்த படகில் போய்விடுவார். பெட்டி அங்கேயே இருக்கும்.